பிரபஞ்சத்திடம் கேட்கும் முன் நாத்தனாரிடம் கேளுங்கள்

கேள்வி:

எனக்கு 37 வயது. கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் டாகுமென்டேஷன் பிரிவில் வேலை. வாரம் ஆறு நாள், சம்பளம் 18,500. கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மகள் பத்தாவது, மகன் ஆறாவது. இரண்டு வருடம் முன்பு மூன்று மாத வகுப்பில் ஆரி வேலை (பிரேமில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) கற்றுக்கொண்டேன். சொந்தமாக ஆரி கடை வைக்க வேண்டும் என்பது என் கனவு. இதுவரை 11 பிளவுஸ் செய்திருக்கிறேன். ஒன்றுக்கு 14 மணி நேரம் ஆகும், சாமான் செலவு 350. நான்கு பேர் 800 ரூபாய் வீதம் கொடுத்தார்கள். மற்ற ஏழும் சொந்தக்காரர்களுக்கு.

நாலு மாதமாக, வேண்டியதைப் பிரபஞ்சத்திடம் எழுதிக் கேட்கும் 3-6-9 முறையில் (காலையில் மூன்று, மதியம் ஆறு, இரவில் ஒன்பது தடவை) 'என் கடை நன்றாக நடக்கிறது, பணம் என்னைத் தேடி வருகிறது' என்று தினமும் நோட்டில் எழுதுகிறேன். கிட்டத்தட்ட 25 நிமிடம் ஆகும். ஒருநாள் விட்டுப்போனாலும் மனசு பதறுகிறது. நெகட்டிவாக ஏதாவது தோன்றினால், நினைத்ததே நடந்துவிடுமோ என்று பயம். சமைக்கும்போது கடை ஞாபகம், பிரேமில் உட்கார்ந்தால் ஆபீஸ் ஞாபகம். 'இந்த நொடியில் வாழுங்கள்' என்கிறார்கள். கண்ணை மூடி தியானம் செய்தால் மனசு இன்னும் அதிகமாக ஓடுகிறது. தூக்கம் சரியில்லை, எப்போதும் சோர்வு. வரும் ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஐந்து பிளவுஸ் கேட்டிருக்கிறார். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஒரு கடை பார்த்தேன்: அட்வான்ஸ் 60,000, வாடகை 6,000. சீட்டுப் பணம் 45,000 கையில் இருக்கிறது. நெகட்டிவ் எண்ணத்தை எப்படி நிறுத்துவது? நிகழ்காலத்தில் எப்படி இருப்பது? வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பிடிக்கலாமா? கணவர் 'உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை' என்கிறார்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்)

பதில்:

கேள்வி மூன்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் பாரம் முழுக்க, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் இருக்கிறது: 'மற்ற ஏழும் சொந்தக்காரர்களுக்கு.' அதற்கு வருகிறேன். முதலில் அந்த நோட்டு.

தினம் 25 நிமிடம் என்றால் நாலு மாதத்துக்கு 50 மணி நேரம். உங்கள் கை வேகத்தில் அது மூன்றரை பிளவுஸ். நேரம் வீணானது என்று குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. ஒருநாளில் உங்களுக்கென்று கிடைக்கிற நேரமே அவ்வளவுதான். அதை இந்த நோட்டு தின்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஜெயித்துவிட்டதாக மனதில் படம் ஓட்டிப் பார்க்கும்போது உடம்பு அதை நடந்து முடிந்த காரியம்போல எடுத்துக்கொண்டு தளர்ந்துவிடுகிறது.

கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதை முப்பது வருடங்களுக்கு மேல் ஆராய்ந்தவர். 1991-ல் தாமஸ் வாடன் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஒரு வருடம் கவனித்தார்கள். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகமாகக் குறைந்தது. ஆனால் ஒல்லியாகிவிட்ட தன்னைத் தித்திப்பாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகத்தான் இறங்கியது. படிப்பு முடித்து வேலை தேடுபவர்களிடமும் இதே கதைதான். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் குறைவு, கிடைத்த சம்பளமும் குறைவு. பின்னால் செய்த சோதனைகளில், இப்படி இனிப்பாகக் கற்பனை செய்யும்போது இரத்த அழுத்தமே கொஞ்சம் இறங்குவதைப் பார்த்தார்கள். ஓய்வெடுக்க அது நல்லது. எழுந்து வேலை செய்ய உதவாது.

இதில் எதிர்பார்ப்பு வேறு, கற்பனை வேறு என்பதைக் கவனியுங்கள். எதிர்பார்ப்புக்குச் சாட்சி உண்டு. '11 பிளவுஸ் முடித்திருக்கிறேன், உறவல்லாத நாலு பேர் காசு கொடுத்து வாங்கினார்கள், எனவே ஐந்தாவது ஆளும் வாங்குவார்' என்பது எதிர்பார்ப்பு. 'பணம் என்னைத் தேடி வருகிறது' என்பதற்கு சாட்சி கிடையாது. அதை எழுதும்போது உள்ளுக்குள் ஒரு குரல் 'எங்கே வருகிறது?' என்று எதிர்வழக்கு ஆடும். ஜோன் வுட் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்தார். தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களிடம் 'நான் அன்புக்குரியவள்' என்ற மாதிரி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, அவர்களைப் போலவே இருந்து அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாக இருந்தது. ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பயன் தெரிந்தது. வயிறு நிறைந்தவருக்குப் பாயசம் மாதிரி. எனவே எழுதத்தான் வேண்டும் என்றால், கோர்ட்டில் நிற்கக்கூடிய வரியாக எழுதுங்கள்: 'நேற்று இடது கை பார்டர் முடித்தேன். நூல் ஒருமுறைதான் அறுந்தது.' இதை உங்கள் மனமே மறுக்க முடியாது.

இனி அந்தப் பயம். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். சொன்ன மறுநொடியே குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். டேனியல் வெக்னர் 1987-ல் குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை வைத்து இதையே சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது; பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக வந்தது. நெகட்டிவ் எண்ணம் வரக்கூடாது என்று காவல் போட்டால், வந்துவிட்டதா என்று அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த எட்டிப் பார்த்தலே அதைக் கூட்டி வருகிறது.

'நினைத்தாலே நடந்துவிடும்' என்ற பயத்தை உளவியலில் எண்ணத்தையும் செயலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது என்கிறோம். லேசான அளவில் எல்லோரிடமும் இருப்பதுதான். ஆனால் 'ஒருநாள் விட்டுப்போனாலும் பதறுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் லேசாக விடமாட்டேன். ஒரு சோதனை செய்யுங்கள். வரும் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேண்டுமென்றே எழுதாதீர்கள். பதற்றம் வரும்போது அதற்கு 10-க்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். அரைமணி கழித்து மறுபடி போடுங்கள். பலருக்கு இது நாளுக்கு நாள் இறங்கும். அப்படி இறங்கினால் கதை முடிந்தது, நோட்டை மூடிவிடலாம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், அல்லது எழுத்துப் பிழை வந்தால் மொத்தப் பக்கத்தையும் திரும்ப எழுதுவது, எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவது, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது என்று இருந்தால், அது எண்ணச்சுழல் நோயின் (ஓ.சி.டி.) தொடக்கமாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கணக்கையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அது ஊர் சுற்றி வந்து பழக்கங்களுக்கான விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்தது நடுவாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய வரி இதுதான்: இடையில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை.

அடுத்து, நிகழ்காலம். கண்ணை மூடினால் மனசு ஓடுகிறது என்பதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-ல் 2,250 பேரைச் செல்போன் வழியாக அவ்வப்போது தட்டி, 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது' என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. எனவே உங்கள் மனம் ஓடுவது ஊரில் எல்லோர் மனமும் ஓடுவது போலத்தான். ஓடியதைக் கவனித்துத் திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சி. முப்பது தடவை ஓடி முப்பது தடவை திரும்பினால் முப்பது தடவை பயிற்சி செய்தீர்கள் என்று கணக்கு.

உங்களுக்குத் தனியாகத் தியானம் தேவையில்லை. ஆரி பிரேமைவிட நல்ல தியானப் பலகை எனக்குத் தெரிந்து இல்லை. கண் திறந்தே செய்யலாம். செல்போனை வேறு அறையில் வையுங்கள். சைலன்ட்டில் பக்கத்தில் வைப்பது போதாது. சமையலறை டைமரில் பத்து நிமிடம். எளிய சங்கிலித் தையல் மட்டும் போடுங்கள். மணி கோக்கிற வேலை இந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டாம், அதில் எண்ணிக்கை குறுக்கே வரும். மூன்று இடத்தில் மட்டும் கவனம்: ஊசி இறுகிய துணியைக் குத்தும்போது வருகிற சின்னச் சத்தம், துணிக்கு அடியில் இடது கை ஊசிக் கொக்கியில் நூலை மாட்டிவிடும்போது விரலில் தெரிகிற இழுவிசை, மேலே வந்த கண்ணியின் அளவு. மனம் போய்விட்டது என்று தெரிந்ததும் ஒரே சொல்லில் பெயர் வையுங்கள்: 'ஆபீஸ்', 'கடை', 'பணம்'. அவ்வளவுதான், அடுத்த தையல். 'ஐயோ மறுபடி போய்விட்டதே' என்று திட்ட ஆரம்பித்தால் அதற்கும் ஒரு பெயர்: 'திட்டு'.

இந்த வேலையில் மனம் எப்போது போனது என்பதைத் துணியே காட்டிக்கொடுக்கும். வரிசையாக வந்த கண்ணிகளில் திடீரென்று நாலு கண்ணி நீளமாகவோ தளர்ந்தோ இருந்தால், அங்கேதான் நீங்கள் ஷிப்பிங் பில்லுக்குப் போயிருக்கிறீர்கள். பிரிக்க வேண்டாம், பத்து நிமிடம் முடிந்தபின் பாருங்கள்.

இதில் வழக்கமாக எது கெட்டுப்போகும்? இரவு பத்தரை மணிக்கு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்காருவது. அப்போது பயிற்சியே நடக்காது, தூக்கம்தான் நடக்கும். ஊசியும் விரலில் ஏறும். இன்னொரு கோளாறு, கட்டாத ஸ்கூல் பீஸ், பேசாத பேச்சு இவற்றிலிருந்து ஓட இதைப் பயன்படுத்துவது. இந்த நொடியில் இருப்பது என்றால் நாளையைப் பற்றி யோசிக்கவே கூடாது என்று பொருள் இல்லை. நாளையைப் பற்றி யோசிப்பதற்கும் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தை இப்படி ஒதுக்குங்கள். மாலை 7.10 முதல் 7.30 வரை, வாசல் திண்ணையிலோ மொட்டை மாடிப் படியிலோ. படுக்கையில் மட்டும் கூடாது. கவலைக்கும் படுக்கைக்கும் உறவு ஏற்பட்டுவிடும். பகலில் கவலை வந்தால் ஒரு சொல் மட்டும் சீட்டில் எழுதி, '7.10-க்கு' என்று தள்ளிவையுங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் குழு 1983-ல் சோதித்த முறை இது. 7.10-க்குச் சீட்டைத் திறந்து, கவலைகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அடுத்த சின்னக் காரியம் எது, எந்தக் கிழமை என்று எழுதுங்கள். செய்ய ஒன்றும் இல்லாததை, அந்த 20 நிமிடத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கவலைப்பட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு ஏழாவது நிமிடத்திலேயே அலுத்துவிடும்.

தூங்கப் போகுமுன் ஐந்து நிமிடம் நாளை செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். 'மகனுக்கு நோட்டு வாங்கணும்' என்பதுவரை, குட்டிக் குட்டியாக. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்கவைத்துப் பார்த்தார்கள். நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். இரவில் ஒன்பது தடவை கடை வெற்றியை எழுதுவதற்குப் பதில் இது.

சரி, இப்போது அந்த ஏழு பிளவுஸ்.

உங்கள் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். மாதம் 26 நாள், நாளுக்கு எட்டரை மணி நேரம் என்று வைத்தால் ஆபீஸில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை சுமார் 84 ரூபாய். 14 மணி நேர வேலைக்கு 1,176, சாமான் 350, ஆக 1,526. பிளவுஸுக்கு 1,550-க்குக் குறைவாக வாங்கினால் ஆபீஸ் வேலையைவிட மலிவாக உழைக்கிறீர்கள். 800 வாங்கிய நாலு பிளவுஸிலும் உங்களுக்கு நின்றது மணிக்கு 32 ரூபாய். சொந்தக்காரர்களுக்கு இலவசமாகப் போன ஏழில் 98 மணி நேரமும், சாமான் வகையில் கைக்காசு 2,450-ம் கரைந்தன.

நாலு மாதமாகப் பணம் தேடி வர வேண்டும் என்று பிரபஞ்சத்திடம் எழுதிக் கேட்கிறீர்கள். பணம் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், அவர்களுடைய செல்போன் எண்ணும் தெரியும். கேட்க வாய் வரவில்லை. உங்கள் கனவுக்குக் குறுக்கே நிற்பது நெகட்டிவ் எண்ணமும் அல்ல, கடை வாடகையும் அல்ல. 'காசு கேட்டால் என்ன நினைப்பார்களோ' என்ற ஒரு கூச்சம். ஓட்டிங்கன் சொல்லும் முறையும் இதைத்தான் கேட்கிறது: ஆசையை நினை, அது நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் பார், உடனே உனக்குள்ளே இருந்து அதைத் தடுப்பது எது என்று கேள், அந்தத் தடை வரும் நொடியில் என்ன செய்வாய் என்று முன்கூட்டியே முடிவுசெய். நீங்கள் முதல் இரண்டு படியில் நாலு மாதம் நின்றுவிட்டீர்கள். 'நெகட்டிவ்' என்று விரட்டிக்கொண்டிருந்தீர்களே, அந்த எண்ணங்கள்தான் மூன்றாவது படியின் விடை. 'காசு கேட்டால் உறவு கெடும்' என்று அடிக்கடி தோன்றினால் அது கெட்ட சகுனம் இல்லை. தடை இங்கே இருக்கிறது என்ற கைகாட்டி.

நாலாவது படிக்கு 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்ற வடிவம் வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்பவர் வகுத்தது. 94 ஆய்வுகளை 2006-ல் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே இலக்கு வைப்பதைவிட இந்த வடிவில் எழுதி வைப்பது செயலை நடக்கவைக்கிறது என்று தெரிந்தது. காரணம் எளிது: அந்த நொடியில் யோசிக்க வேண்டியதில்லை. கூச்சம் உள்ளவர்கள் யோசிக்க ஆரம்பித்தால் 'சரி அண்ணி, பரவால்ல' என்றுதான் வாய் சொல்லும். எனவே இப்படி எழுதி, பிரேம் பக்கத்தில் ஒட்டுங்கள்: 'யாராவது "சும்மா சின்னதா ஒரு டிசைன்" என்றால், "அளவு பிளவுஸ் அனுப்புங்க, ரேட் கார்டை வாட்ஸ்அப்பில் போடறேன்" என்பேன்.' வாயால் தொகை சொல்லத் தேவையில்லை, கார்டு சொல்லும். கார்டில் மூன்றே வகை போதும்: கழுத்து மட்டும், கழுத்தும் கை பார்டரும், முழு மணப்பெண் பிளவுஸ். கீழே இரண்டு வரி: பாதி அட்வான்ஸ் வந்தபின் துணி பிரேமில் ஏறும், சொந்தங்களுக்குத் தொகையில் பத்து சதவீதம் குறைவு. இரண்டாவது வரி உங்களுக்காக. 'இலவசம்' என்பதற்கும் 'முழு விலை' என்பதற்கும் நடுவில் நிற்க அது ஒரு திண்ணை.

நாத்தனாரின் ஐந்து பிளவுஸில் சூட்சுமம் வேறு. உங்கள் கணவர் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். சீர் செய்யத்தான் போகிறீர்கள். முகூர்த்த பிளவுஸை உங்கள் கையால் செய்து மாமன் சீராகக் கொடுங்கள். அதற்கு ஈடாக எந்தக் கடையிலும் ஒரு பொருள் கிடைக்காது. மற்றவற்றுக்கு ரேட் கார்டு. வரிசை முக்கியம்: முதலில் சீரைச் சொல்லுங்கள், பிறகு கார்டு. 'முகூர்த்த பிளவுஸ் எங்க சீர் அண்ணி, அதுக்கு ஒரு பைசா வேண்டாம். மத்ததுக்கு சாமான் வாங்கணும், பாதி அட்வான்ஸ் போட்டுவிடுங்க.' இதைக் கல்யாண வேலை சூடுபிடிக்கும் முன், இந்த வாரமே சொல்லிவிடுங்கள். வீட்டில் கணவரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். அவருடைய அக்கா விஷயம், அவருக்கு இரண்டாம் கையில் செய்தி போகக் கூடாது. நாத்தனார் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அதையும் '7.10' சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். மனிதர்கள் தங்கள் வேலைக்குப் போடும் நேரக் கணக்கு குறைவாகவே இருக்கும். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55. அந்த விகிதத்தைப் போட்டால் உங்கள் 14 மணி நேரம் 23 ஆகிவிடும். மகளின் பத்தாம் வகுப்பும் மாதக் கடைசி ஷிப்மென்ட்டும் இருக்கும் வீட்டில், வாரத்துக்கு உண்மையில் கிடைப்பது ஏழு மணி நேரம் என்று வைப்போம்: ஞாயிறு நாலு, நாலு வார நாட்களில் முக்கால் மணி வீதம். மூன்று பிளவுஸ் என்றால் 69 மணி நேரம், கிட்டத்தட்ட பத்து வாரம். கையில் இரண்டு மூன்று வாரம் மிச்சம் இருக்கும், போட்டுப் பார்த்துத் திருத்த. ஐந்து என்றால் பதினாறு வாரம், ஆவணி தாண்டிவிடும். எனவே சீர் ஒன்று, காசுக்கு இரண்டு. மீதி இரண்டுக்கு வகுப்பில் உடன் கற்றவர் யாரையாவது கைகாட்டுங்கள்.

வேலையை இனம் பிரித்துச் செய்தால் நேரம் மிச்சமாகும். பட்டர் பேப்பரில் துளையிட்டு டிசைன் இறக்குவதை மூன்று பிளவுஸுக்கும் ஒரே ஞாயிறில் முடியுங்கள். அந்தக் குழப்பமும் தூசியும் ஒருநாளோடு போகும். வார நாள் முக்கால் மணிக்கு சங்கிலி அவுட்லைன். மணியும் கற்களும் பகல் வெளிச்சத்தில் மட்டும். டியூப் லைட்டில் தங்க நிற மணியின் இரண்டு ஷேடு ஒன்றுபோலத் தெரிந்து, காலையில் பார்த்துப் பிரித்தவர்கள் உண்டு.

வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பிடிக்கலாமா? இப்போது வேண்டாம். இது நெகட்டிவ் சிந்தனை இல்லை, கூட்டல் கழித்தல். பிளவுஸுக்கு 1,200 நிற்கிறது என்றால் வாடகை 6,000-க்கே ஐந்து பிளவுஸ், 70 மணி நேரம். அட்வான்ஸுக்கு 15,000 கடன் வேறு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வாடகை மட்டும் உண்டு. வீட்டிலிருந்தே இந்த ஆவணி தொடங்கி அடுத்த ஆனி வரை ஒரு சுற்று பாருங்கள். உறவல்லாதவர்களின் ஆர்டர், முழு விலையில், ஏதாவது மூன்று மாதம் தொடர்ந்து உங்களால் முடிகிற அளவைத் தாண்டி வந்து, சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தால் கடையைப் பற்றி மறுபடி பேசலாம். அப்போதும் முதல் படி கடையாக இருக்கத் தேவையில்லை. மணி கோக்க ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வது அதைவிட மலிவு. சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள்.

கணவரிடம் 'எனக்கு சப்போர்ட் பண்ணுங்க' என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு, மூணு முதல் அஞ்சு வரை பையனைப் பார்த்துக்கோங்க, யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்' என்று கேளுங்கள். வெல்டிங் வேலையில் இருப்பவருக்குக் கூலிக் கணக்கு நன்றாகவே புரியும். மணிக்கு 32 ரூபாய்க்கு வேலை செய்தீர்கள் என்று காட்டுங்கள். அவர் 'வேண்டாத வேலை' என்றது அந்தக் கணக்கைப் பார்த்தாகவும் இருக்கலாம்.

உடம்பையும் கவனியுங்கள். எப்போதும் சோர்வு என்று எழுதும் பெண்களிடம் மனதைப் பற்றிப் பேசும் முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்வது வழக்கம். சாதாரண ரத்தப் பரிசோதனைதான், அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், பிடித்த ஆரியைக்கூடத் தொட மனமில்லாமல் போனால், அல்லது வாழ்வதே அலுப்பாகத் தோன்றினால், நோட்டும் பிரேமும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

3-6-9 நோட்டைக் கிழிக்க வேண்டாம். பின்பக்கத்திலிருந்து திறந்துகொள்ளுங்கள். நாலு பத்தி கோடு போடுங்கள்: யாருடைய பிளவுஸ், தொடங்கிய நேரம், முடித்த நேரம், வாங்கிய தொகை. முதல் வரி முகூர்த்த பிளவுஸ். தொகைக்கு நேராக 'சீர்' என்று எழுதுங்கள். இரண்டாவது வரியில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நாத்தனாருக்குப் போன் போடுங்கள்.